மொட்டை டயர் எங்கே?

"சார், நான் சரியாத்தான் கேட்டேனா? திருடன் வந்தான். உங்க மோட்டார் சைக்கிள்ல இருந்த மொட்டை டயர் ரெண்டையும் கழட்டிக்கிட்டான். அதுக்குப் பதிலா புத்தம் புது டயர் ரெண்டு மாட்டிட்டுப் போயிட்டான். அதானே?"

"அதேதான்."

"இப்போ அந்த உத்தமனை நாங்க கண்டுபிடிக்கணுமா, இல்ல எங்க வீட்டு விலாசத்தை அவன்கிட்ட கொண்டுபோய்ச் சேர்க்கணுமா?"

கேட்டவன் கொழுந்தன். இருந்த வேலைகளையெல்லாம் வாயாலேயே இழந்துவிட்டு, கடைசியில் அண்ணன் மனைவி நடத்தும் துப்பறியும் அலுவலகத்தில் வந்து ஒதுங்கியவன். அவன் மூச்சுக்கு முந்நூறு தரம் "அண்ணி" என்று கூப்பிட்டதில் அது ஒட்டுவாரொட்டியாகப் பரவிவிட்டது. வாடிக்கையாளர்கள் அண்ணி என்றார்கள். வாடகை வாங்க வரும் வீட்டுக்காரர் அண்ணி என்றார். காவல் நிலைய இன்ஸ்பெக்டர்கூடத் தொலைபேசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அண்ணி இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்.

அண்ணி கொழுந்தனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான். அது அதிக நேரம் தாங்காது என்பது இருவருக்கும் தெரியும்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். பனை மரத்துக்குச் சட்டை மாட்டியது போன்ற உயரம். வந்து உட்கார்ந்ததுமே, "உங்களுக்கு இடது கண்ணுல பவர் கூடியிருக்கும் போலிருக்கே, எதுக்கும் ஒருதரம் கடைக்கு வாங்க" என்று கொழுந்தனிடம் வியாபாரம் பேசியவர்.

"போலீஸ்ல சொன்னா சிரிக்கறாங்கம்மா," என்றார் கண்ணாடிக்காரர். "அடுத்த தடவை அவன் வந்தா எங்க ஜீப்பையும் கொஞ்சம் காட்டி விடுங்கன்னு சொல்றாங்க."

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாதும்பாங்க சார்," என்றான் கொழுந்தன்.

"எனக்குத் தானம் வேண்டாம். ஒரு வருஷமா நான் டயர் பார்த்துட்டு இருந்தேன். இது பழைய வண்டி. என் கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கினது. கண்டதையும் மாட்டிட முடியுமா? அகலம் கூடினா செயின்ல உரசும். குறைஞ்சா வளைவுல தள்ளாடும். முன்னாடி கோடு போட்டது நல்லதா, கட்டம் போட்டது நல்லதா? ரப்பர் மெத்துன்னு இருக்கணுமா, கெட்டியா இருக்கணுமா? யோசிக்க வேண்டாமா?"

"பொண்ணு பார்க்கப் போனவன்கூட இவ்வளவு நாள் எடுத்துக்க மாட்டானே சார்."

"பொண்ணை அரை மணி நேரத்துல பார்த்து முடிவு பண்ணிட்டேன்," என்றார் கண்ணாடிக்காரர் மிகவும் நேர்மையாக.

அண்ணி நாற்காலியில் முன்னால் நகர்ந்தாள். "எப்போ நடந்துச்சு?"

"போன மாசம். கண் பரிசோதனை முகாமுக்கு வெளியூர் போயிருந்தேன். ஒரு வாரம். திரும்பி வந்து ஷெட்டைத் திறந்தா புது டயர் பல்லைக் காட்டுது. பூட்டு உடையல. சாவி வீட்டு ஆணியில அப்படியே தொங்குது."

"வீட்டுல கேட்டீங்களா?"

"கேட்டேன். 'உங்க வண்டியைத் தொட்டாலே கத்துவீங்க, எனக்கென்ன தெரியும்'னு சொல்லிட்டா." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார். "அண்ணி... அப்படிக் கூப்பிடலாம் இல்லையா? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அந்த வண்டியில எனக்குப் பின்னாடி உட்கார்றது அவ. அவளுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்துபோய் எவனோ ஒருத்தன் டயர் மாட்டியிருக்கான். அவன் யாரு? என்னைவிட அவ மேல அக்கறையா ஒருத்தன் இருக்கான்னா... கொஞ்ச நாளா அவளும் சரியில்ல. இந்த வெயில்ல முழுக்கை ரவிக்கை. எங்க போனேன்னா, 'சும்மாத்தான்'கிறா. நாங்க ரெண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசி நாலு நாளாச்சு."

கொழுந்தனுக்கு நாக்கு நுனிவரை ஒன்று வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கினான்.

"வண்டியைப் பார்க்கலாம்," என்றாள் அண்ணி.

* * *

ஷெட் என்பது வீட்டுப் பக்கச் சுவரில் சாய்த்துப் போட்ட தகரக் கூரையும் ஒரு கம்பிக் கதவும்தான். உள்ளே மோட்டார் சைக்கிள் மைனர் மாப்பிள்ளை மாதிரி ஒருக்களித்து நின்றது. சீட்டில் ஒரு ஒட்டு. டேங்கில் வெளிறிப்போன ஒரு சிங்க ஸ்டிக்கர். டயர்கள் மட்டும் கன்னங்கரேலென்று ஒட்டாமல் தனியாகத் தெரிந்தன.

"இந்த வண்டியில ஒவ்வொரு திருகாணியும் எனக்கு அத்துப்படி," என்றார் கண்ணாடிக்காரர். "ஆயிரம் வண்டிக்கு நடுவுல கண்ணைக் கட்டி விடுங்க. தொட்டே சொல்லிடுவேன்."

அண்ணி குந்தி உட்கார்ந்து டயரின் பக்கவாட்டில் இருந்த பொடி எழுத்துகளைப் படித்தாள். "இந்த வருஷம் தயாரிச்சது. பழைய சரக்கைத் தலையில கட்ட விடாம தேதி பார்த்து வாங்கியிருக்காங்க. முன்னாடி நேர்கோடு, வண்டி சொன்ன பக்கம் திரும்பும். பின்னாடி ஆழமான கட்டம், ஈரத்துல வழுக்காது. அளவும் கச்சிதம். திருடற கை இவ்வளவு யோசிக்காது."

"அதான் நானும் பயப்படறேன்," என்றார் கண்ணாடிக்காரர் ஈனஸ்வரத்தில்.

"ஓட்டிப் பார்த்தீங்களா?"

"அதை ஏன் கேக்கறீங்க! கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் ஓட்டம் தேன் மாதிரி இருக்கு. முன்னாடியெல்லாம் கிளப்பறதுக்குள்ள கால் கழண்டுடும். இப்போ ஒரே உதை. கீழே பாருங்க, ஆயிலுக்கு வெச்ச தட்டு. சொட்டு விழல. நல்ல டயர் போட்டா வண்டிக்கே ஒரு மரியாதை வந்துடுது."

"எங்க சித்தப்பாவுக்குப் புதுச் செருப்பு போட்டா சளி நின்ன மாதிரியா?" என்றான் கொழுந்தன்.

அண்ணி வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். அவள் குள்ளம். கால் கட்டைவிரல்தான் தரையில் பட்டது. ஆனால் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்ததும் பின்னால் இருந்த தெருவாசல் அதில் நேராகத் தெரிந்தது.

"இந்தக் கண்ணாடியைத் திருப்பி வெச்சது நீங்களா?"

"நான் அதைப் பார்க்கறதே இல்ல. பின்னாடி வர்றவன் என்னைப் பார்த்துக்கட்டும்."

"கண்ணாடிக் கடைக்காரர் கண்ணாடி பார்க்கறதில்ல," என்று கொழுந்தன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அண்ணி இறங்கினாள். "கடைசியா இந்தக் கண்ணாடியைத் திருப்பி வெச்ச ஆள் என் உயரம். சார், நீங்க கடைக்குப் போங்க. இந்த அளவு டயர் இன்னும் எங்க விக்கறாங்க?"

"ஊர்லயே ஒரு கடைதான். அவரை எனக்கு நல்லாத் தெரியும்."

"அவருக்கு உங்களை?"

கண்ணாடிக்காரர் கொஞ்சம் யோசித்தார். "நான் வந்தா அவர் சாப்பிடப் போயிடுவார். எப்போ போனாலும்."

* * *

டயர் கடைக்குள் ரப்பர் வாடை குப்பென்று அடித்தது. டயர்கள் கூரைவரை அடுக்கியிருந்தன. ஒரு மூலையில் காற்றடிக்கும் இயந்திரம் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. டயர்கடைக்காரர் பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டியில் ஒரு ட்யூபைப் பாதி அமிழ்த்திக் குமிழி தேடிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் பெயரைச் சொன்னதும் ட்யூப் தண்ணீருக்குள் நழுவியது.

"அவரும் வந்திருக்காரா?"

"இல்ல."

"அப்போ உட்காருங்க." அவர் கைகளைத் துடைத்துக்கொண்டார். "அந்த மனுஷன் இங்க இருக்கற ஒவ்வொரு டயரையும் தடவிப் பார்த்திருக்கார். ஒருநாள் பூதக்கண்ணாடி கொண்டுவந்தார். அவர் பார்த்துப் பார்த்தே என் சரக்கு தேஞ்சு போச்சு. மாட்டினாரா? ம்ஹூம். அவர் டயரைப் பார்த்திருக்கீங்களா? என் வழுக்கைத் தலைக்கு அண்ணன். நான்தான் சொல்லிட்டே இருந்தேன், சார், உள்ள நூல் தெரியுது, எதையாவது மாட்டுங்கன்னு."

"அவர் வண்டிக்கு நீங்களே மாட்டி விட்டுட்டீங்களா, தொல்லை விட்டா போதும்னு?" என்றாள் அண்ணி.

"தோணாம போச்சே! யாராவது மாட்டிட்டாங்களா? யாரு அந்தப் புண்ணியவான்? மாலை போடணும்."

"இந்த அளவுல ஜோடி டயர் போன மாசம் யாருக்கு வித்தீங்க?"

அவர் யோசிக்கவே இல்லை. "ஒரே ஒருத்தருக்குத்தான். ஒரு அம்மா. வண்டியிலேயே வந்தாங்க. ஹெல்மெட்டைக் கழட்டவே இல்ல. அவர் வண்டி மாதிரியே அச்சு அசல். பார்த்ததும் நான் சாப்பிடக் கிளம்பிட்டேன், அவர்தானோன்னு. அப்புறம் அணைச்சுட்டு ஒரே உதையில கிளப்பினாங்க பாருங்க, அப்பதான் வேற வண்டின்னு உயிர் வந்துது."

அண்ணியின் புருவம் ஒரு மில்லிமீட்டர் உயர்ந்தது.

"தேதி பார்த்து எடுத்தாங்க. வழுக்காததா கொடுங்கன்னாங்க. பத்தே நிமிஷம். இவ்வளவு சீக்கிரமாக்கூட டயர் வாங்க முடியுமான்னு எனக்கே ஆச்சரியம். யாருக்குன்னு கேட்டேன். 'வீட்டுல இருக்கறவருக்கு உசுரு மேல ஆசை இல்ல, எனக்கு அவர் மேல ஆசை இருக்கு'ன்னாங்க."

"ஆஹா," என்றான் கொழுந்தன். "அடையாளம்?"

"ஹெல்மெட்டுக்குள்ள என்ன அடையாளம்? குள்ளமா இருந்தாங்க. போகும்போது என் சட்டையைப் பார்த்துட்டு, 'அந்தக் கிரீஸ் கறையைத் தண்ணி போட்டுத் தேய்க்காதீங்க, சாக்பீஸைப் பொடி பண்ணித் தூவி வெச்சுட்டு அப்புறமா துவைங்க'ன்னு சொல்லிட்டுப் போனாங்க. செஞ்சேன். பாருங்க." அவர் காலரைத் தூக்கிக் காட்டினார். டயர் கடைக்குள் அவ்வளவு வெள்ளையான காலர் அதற்கு முன் இருந்திருக்காது.

"அவங்க வண்டியில இருந்து கழட்டின பழைய டயர் இருக்கா?"

"பின்னாடி கிடக்கு."

அண்ணி பின்கட்டுக்குப் போய் அந்த இரண்டையும் புரட்டிப் பார்த்தாள். பழையதுதான். ஆனால் கட்டங்கள் தெரிந்தன, பள்ளங்கள் இருந்தன. விரல் வைத்தால் பிடித்தது.

அவள் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு படர்ந்தது. கொழுந்தனுக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். அது வந்தால் யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

"தம்பி, இது மொட்டையா?"

"இல்லையே. என் தலையைவிட நல்லா இருக்கு."

"கண்ணாடிக்காரர் டயர் மொட்டை. அப்படின்னா அந்த அம்மா இங்க கொண்டுவந்தது அவர் வண்டி இல்ல. ஆனா இங்க மாட்டின புது டயர் இப்போ அவர் ஷெட்டுல நிக்குது."

"அப்போ இங்க மாட்டிட்டு, வீட்டுல போய் சக்கரத்தைக் கழட்டி மாத்தியிருப்பாங்க."

"சக்கரத்தை மாத்தினா ஆயில் ஒழுகறது நிக்குமா? பத்து உதை ஒரு உதை ஆகுமா?"

"அப்போ வண்டியையே மாத்தியிருக்காங்க!" என்றான் கொழுந்தன்.

"ஆளைப் பார்த்ததும் முகத்தைப் பார்க்காம சட்டைக் கறையைப் பார்க்கற பொம்பளை," என்றாள் அண்ணி. "கண்ணாடிக்காரர் சம்சாரம் என்ன தொழில் செய்யறாங்கன்னு அவர் சொன்னாரா?"

"சொல்லவே இல்லையே அண்ணி. வண்டி என்ன தொழில் செய்யுதுன்னுதான் சொன்னார்."

டயர்கடைக்காரர்தான் சொன்னார், வேறு யாரையோ பற்றிப் பேசுவது போல. "அவர் வீட்டம்மாவா? அடுத்த தெரு முனையில சலவைக் கடை. நான் பார்த்ததில்ல. துணியெல்லாம் நல்லாப் போடுவாங்களாம்."

* * *

சலவைக் கடையில் நீராவி இஸ்திரிப் பெட்டி புஸ்ஸென்று சீறிக்கொண்டிருந்தது. மேலே கம்பிகளில் கோட்டுகளும் பட்டுப்புடவைகளும் டோக்கன் குத்தித் தொங்கின. மேஜைக்குப் பின்னால் ஒரு சின்ன உருவம், முழுக்கை ரவிக்கையோடு.

"வழுக்காத டயரா பார்த்து எடுத்திருக்கீங்க," என்றாள் அண்ணி. "நல்ல தேர்வு."

அந்த அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். ஓடப் பார்க்கவில்லை, மறுக்கவும் இல்லை. "ஆள் வெச்சுத் தேடறாரா?" என்றாள் களைப்பாக. "டயரை மட்டுமா? இன்னுமா டயரை மட்டும் தேடறார்?"

"அவர் வண்டி எங்கே?"

அந்த அம்மா கடைசிக் கம்பியில் தொங்கிய கோட்டுகளை ஒதுக்கினாள். சுவரோரமாக வெள்ளைப் படுக்கை விரிப்பால் போர்த்தி ஏதோ நின்றது. விரிப்பில் ஒழுங்காக ஒரு டோக்கன்கூடக் குத்தியிருந்தது. அவள் அதை இழுத்தாள்.

அதே மோட்டார் சைக்கிள். ஆனால் முன் ஃபோர்க் முதுகு ஒடிந்தவன் போல வளைந்திருந்தது. ஹெட்லைட் இல்லை. முன் டயர் வாயைப் பிளந்து தொங்கியது.

"துணி கொண்டுபோய்க் கொடுக்கணும், வண்டி ஓட்டக் கத்துக்கறேன்னு கேட்டேன்," என்றாள் அந்த அம்மா. "என் வண்டிக்கு என் கை மட்டும்தான் பழக்கம்னுட்டார். பயிற்சிப் பள்ளியில போய்க் கத்துக்கிட்டேன், லைசென்ஸும் வாங்கினேன். அவர் முகாமுக்குப் போனதும் ஒருநாள் இதை எடுத்தேன். இந்த முனையில குழாய் உடைஞ்சு எப்பவும் ஈரம். திருப்பினேன். டயர் சோப்பு மாதிரி போச்சு. நடைபாதைக் கல்லுல மோதி வெடிச்சுது."

"உடனே இன்னொரு வண்டி வாங்கிட்டீங்களா?" கொழுந்தனின் குரலில் பக்தி தெரிந்தது.

"எனக்குன்னு வாங்க எப்படியும் பார்த்துட்டுதான் இருந்தேன். அதே வருஷம், அதே நிறம், ஒரு மெக்கானிக்கிட்ட இருந்துச்சு. என் பேர்ல, என் சம்பாத்தியத்துல வாங்கினேன். அவர் சீட்டைக் கழட்டி அதுல மாட்டினேன். நம்பர் பிளேட்டை மாத்தினேன். டேங்க்ல இருந்த சிங்கத்தை ஆவி காட்டி உரிச்சு ஒட்டினேன். எல்லாம் ஆச்சு. டயர்தான் இடிச்சுது. அவ்வளவு மொட்டையா இன்னொரு முன் டயர் எங்க தேடியும் கிடைக்கல. குப்பைக்குப் போறதுகூட அதைவிட நல்லா இருந்துச்சு."

கொழுந்தன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை.

"அந்த வண்டியில இருந்த டயரையே விட்டிருந்தாக்கூட அவருக்குத் தெரிஞ்சிருக்காது. ஓரளவு பழசுதானே. மனசு கேக்கல. ரோட்டுல கிடந்தப்போ எனக்குத் தோணினது ஒண்ணுதான். இது அவரா இருந்திருந்தா? மாட்டிக்குவேன்னு தெரிஞ்சேதான் புதுசு போட்டேன். சொல்லியிருக்கலாம். சொன்னா வண்டிக்காக ஒரு வாரம் அழுவார். அதைத்தான் என்னால பார்த்துட்டு இருக்க முடியாது."

தொங்கிக்கொண்டிருந்த கோட்டுகளில் மிக நீளமான ஒன்று அசைந்தது. அது கோட்டு இல்லை.

"கடைக்குப் போங்கன்னு சொன்னேனே சார்," என்றாள் அண்ணி.

கண்ணாடிக்காரர் இரண்டு பட்டுப்புடவைகளுக்கு நடுவிலிருந்து வெளியே வந்தார். "பின்னாடியே வந்தேன்," என்றார். நேராக உடைந்த வண்டியிடம் போனார்.

அந்த அம்மா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் டேங்கைத் தொட்டார். வளைந்த ஃபோர்க்கைத் தொட்டார். பிறகு குனிந்து, முன் டயரின் கிழிசலுக்குள் விரல்களை விட்டார். விரல் மறுபக்கம் வெளியே வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இஸ்திரிப் பெட்டி ஒருதரம் சீறி அடங்கியது.

"நீ எந்தப் பக்கம் விழுந்தே?" என்றார் திரும்பாமலே.

"இடது பக்கம்."

"கையைக் காட்டு."

அவள் முழுக்கையை மேலே ஏற்றினாள். முழங்கை முதல் மணிக்கட்டு வரை, ஆறியும் ஆறாமலும் ஒரு நீண்ட காயம். கண்ணாடிக்காரர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். எப்படிப் பார்த்தாலும் அது அங்கேயே இருந்தது.

"ஒரு மாசமா... நான் பார்க்கவே இல்லையே."

"நீங்க டயரைப் பார்த்துட்டு இருந்தீங்க."

கொழுந்தன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அண்ணி அவன் காலை மிதித்தாள்.

கண்ணாடிக்காரர் அவள் ரவிக்கைக் கையை மெல்லக் கீழே இறக்கிவிட்டார். "நான் வேற என்னவோ நினைச்சேன்," என்றார். "உனக்கு யாரோ..."

"யாரோ?"

"டயர் வாங்கிக் கொடுத்திருக்கான்னு."

அவள் கண்கள் விரிந்தன. முதலில் கோபம்தான் வந்தது, முகம் சிவந்தது. அப்புறம் என்ன ஆனதோ, இஸ்திரி மேஜைமேல் கவிழ்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "டயரா! நகை, புடவை இல்ல... எனக்கு ஒருத்தன் டயர் வாங்கித் தருவானா!" சிரிப்பிலேயே கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் பாவம், எதற்கு அழுகிறாள் எதற்குச் சிரிக்கிறாள் என்று பிரித்தறியத் தெரியாமல் கைக்குட்டையை நீட்டினார்.

"ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒண்ணு சொல்றேன்," என்றாள் அண்ணி. "ஒரு மாசமா ஒருத்தர் வண்டியில இன்னொருத்தர் நம்பரை மாட்டி ஓடிட்டு இருக்கீங்க. எங்க இன்ஸ்பெக்டர் பிடிச்சா இந்தக் கதையை அவர்கிட்ட சொல்லிப் புரிய வைக்க முடியாது. முதல்ல அதைச் சரி பண்ணுங்க."

அந்த அம்மா இழுப்பறையிலிருந்து தன் நம்பர் பிளேட்டை எடுத்தாள். மோட்டார் சைக்கிள் வாசலில்தான் நின்றது. கண்ணாடிக்காரர் அதில்தான் வந்திருந்தார். "நான் மாட்டறேன்," என்று சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். மூக்குக்கண்ணாடிக் காதுகளை முடுக்கும் திருப்புளி. அது நம்பர் பிளேட் திருகாணிக்குள் ஆள் தெரியாமல் தொலைந்துபோயிற்று. கொழுந்தன் டயர் கடைக்கு ஓடிப்போய் சரியான ஒன்றை வாங்கிவந்தான். கூடவே டயர்கடைக்காரரும், மாலை கிடைக்காததால் ஒரு குளிர்பானத்தோடு, அந்தப் புண்ணியவதியைப் பார்க்க வந்துவிட்டார். கண்ணாடிக்காரரைக் கண்டதும் கதவோரமாக ஒதுங்கி நின்றுகொண்டார்.

பிளேட் ஏறியது. கண்ணாடிக்காரர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு, சாவியை மனைவியிடம் நீட்டினார். "உன் வண்டி."

"துணி கொடுக்கப் போகணும். வர்றீங்களா?"

"நானா? பின்னாடியா?"

"முன்னாடி நான் இருக்கேனே."

அவர் ஏறினார். இடுப்புக்கு மேலேயே அவர் பாதி ஆள் இருந்தார். அவள் தலைக்கு மேல் அவர் முகம் இன்னொரு மாடி போலத் தெரிந்தது. இஸ்திரி போட்ட கோட்டுகள் இரண்டு கைகளிலும். மடங்கக் கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், சரணடைந்தவர் மாதிரி கைகளைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தார்.

ஒரே உதை. வண்டி கிளம்பியது.

"மெதுவா... மெதுவாடி... அந்த முனையில தண்ணி!"

அவள் வேகத்தைக் குறைத்தாள், சாய்த்தாள், திருப்பினாள். ஈரத்தின்மேல் டயர் இழைந்து, பிடித்து, வண்டி வளைவைத் தாண்டி மறைந்தது. சத்தம் கொஞ்ச தூரம் போய் நின்றது.

"என்ன அண்ணி, விழுந்துட்டாங்களா?" என்றான் கொழுந்தன் எட்டிப் பார்த்து.

முனைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கண்ணாடிக்காரரின் குரல் வந்தது. சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது அது.

"இன்னொரு தடவை திரும்பலாமா?"